முப்பது ரூபாய்தானே!

ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் காசு விட்டுவிட்டு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பழக்கத்தை விடும் வழியை முதலில் கேட்பதில்லை. "எப்ப ஃபோல்டு பண்ணணும், எப்ப கால் பண்ணணும்னு மட்டும் தெரிஞ்சா போதும் மேடம், விட்டதைப் பிடிச்சிருவேன்" என்றுதான் தொடங்குகிறார்கள். ஃபோல்டு என்றால் சீட்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகுவது; கால் என்றால் எதிராளி கட்டிய அளவே கட்டித் தொடர்வது. மனநல ஆலோசகரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன். கணக்கைப் பேசினால்தான் மற்றதற்கும் காது கொடுக்கிறார்கள்.

நடுவில் 60 ரூபாய் கிடக்கிறது. எதிராளி 30 கட்டுகிறார். நீங்களும் 30 போட்டால் மொத்தம் 120. நான்கில் ஒரு தடவையாவது ஜெயிக்கிற கை என்றால் கால் பண்ணலாம்; அதற்குக் கீழே என்றால் ஃபோல்டு. உங்களுக்கு நாலு ஹார்ட் சேர்ந்திருக்கிறது, ஜெயிக்க ஐந்தாவது வேண்டும், திறக்க ஒரே சீட்டுதான் பாக்கி. 52 சீட்டில் உங்கள் கையில் 2, மேசையில் திறந்தது 4 போக, உங்கள் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 46, அதில் ஹார்ட் 9. ஐந்தில் ஒன்றுகூட முழுசாக வரவில்லை. ஃபோல்டுதான். ஹார்ட் விழுந்தபிறகு எதிராளி சராசரியாக இன்னும் 34 ரூபாயாவது தருவார் என்றால் மட்டும் கால் தாங்கும். இதில் மேசைக் கமிஷன் சேரவில்லை. 5 சதவீதம் பிடித்தால் 120இல் 6 ரூபாய் ஆப்புக்குப் போய்விடும். சின்னத் தொகைக்கு ஆடும் சின்ன மேசையில் இந்தக் கசிவுதான் பெரிது. இருவர் சம திறமையோடு ஆடினாலும் இருவரும் மெல்ல மெல்லத் தோற்பார்கள்.

சின்ன மேசைக்கு இன்னொரு குணம் உண்டு. அங்கே யாரும் அவ்வளவாக ஃபோல்டு பண்ண மாட்டார்கள், அதனால் வெற்றுக் கையை வைத்து மிரட்டுவது செல்லாது. இவ்வளவு நேரம் சும்மா கால் மட்டும் பண்ணிக்கொண்டிருந்தவர் கடைசிச் சீட்டில் திடீரென்று தொகையை ஏற்றினால், பெரும்பாலும் கையில் சரக்கு இருக்கிறது. இது தெரிந்தவர்களே, "அப்படி என்னதான் வச்சிருக்கான், பாத்துருவோமே" என்று காசைத் தள்ளுகிறார்கள். முப்பது ரூபாய்தானே!

கணக்கைத் திரும்பப் பாருங்கள். அந்த 60 ரூபாயில் உங்கள் காசு எவ்வளவு என்று எங்கேயாவது கேட்டோமா? கேட்கத் தேவையே இல்லை. நடுவில் போட்டது போட்டதுதான், அது உங்களுடையது அல்ல. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் எல்லோருடைய பேச்சிலும் முதலில் வருவது அந்தத் தொகைதான்: "இவ்வளவு போட்டுட்டு எப்படி விடுறது?" மண்டபம் பக்கத்து விசைப்படகு டிரைவர் ஒருவரிடம் கேட்டேன்: "அண்ணே, மீன்பாடு இல்லாத ராத்திரியில, எரிஞ்ச டீசலை நினைச்சுக்கிட்டு இன்னொரு தடவை மடி வலையை இறக்குவீங்களா?" சிரித்துவிட்டார். "மிச்சம் எவ்வளவு இருக்கு, கரை எவ்வளவு தூரம், அதைத்தான் பாப்போம்" என்றார். கடலில் தப்பாமல் வருகிற அந்தப் புத்தி போனில் வருவதில்லை. போனில் அடுத்த கை சில நொடியில் வந்துவிடுகிறது, யோசிக்க விடுவதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தக் கரையில் எனக்கு வேலை கூடுகிறது. படகு கரையில், ஆள் வீட்டில், ராத்திரி முழுக்கப் போன் கையில். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் கணக்கில் ஏறிய வேகத்தில் மேசைக்குப் போன வீடுகளும் உண்டு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. ஆட வைப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை, அதனால் பயப்படாமல் உதவி கேட்கலாம். பெரிய ஆப்கள் நிறுத்திக்கொண்டன. இப்போது வருகிறவர்கள் சொல்வது வேறு: ஆப்பில் வெறும் காயின், காசுக்கு ஏஜென்ட், பரிமாற்றம் ஜிபேயில். அங்கே எதிரில் இருக்கும் இருவர் ஒருவருக்கொருவர் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடினால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நான் மேலே போட்ட கணக்கு நேர்மையான மேசைக்கு மட்டும்தான்.

நான் எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்பேன். முன்னைவிடக் கூடக்கூடக் கட்டினால்தான் திருப்தி வருகிறதா? எவ்வளவு போனது என்று வீட்டில் பொய் சொன்னீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஃபோல்டு-கால் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேச வேண்டும். நேற்று விட்டதை இன்றே எடுக்கத் துடிப்பதும், கடனை அடைக்க அடுத்தவர் கையை எதிர்பார்ப்பதும் சூதாட்ட நோயைக் கண்டறியும் அளவுகோலிலேயே இருக்கின்றன. அதனால்தான், நகையை விற்று மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைக்கிறேன் என்று வரும் அம்மாக்களைத் தடுக்கிறேன். கொஞ்சம் கோபப்படுவார்கள். கடன் அடைந்த மறுநாள் மகன் கையில் மேசைக்குத் திரும்ப வழி இருக்கக்கூடாது: ஏடிஎம் கார்டு வேறொருவரிடம், யுபிஐ வரம்பு குறைத்து, கடன் ஆப்கள் நீக்கி, இரண்டாவது சிம் இருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகு தவணையாக அடையுங்கள்.

ஆள் வர மறுத்தால் மனைவியோ தாயோ தனியாக வரலாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.