மூன்றாம் படிவத்திலேயே தொடங்கும் யூபியூ வேலை

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்த வாரத்தில் என் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து அம்மாவும் பிள்ளையுமாக மோட்டாரில் வந்து இறங்குவார்கள். "அண்ணே, யூபியூ போட்டுக் கொடுங்க." கையில் முடிவுத் தாள், ஐசி என்ற அடையாள அட்டை, அக்காவிடம் இரவல் வாங்கிய போன்.

போன முறை வந்த ஒரு பெண்பிள்ளைக்குக் கணிதத்தில் ஏ, உயிரியலிலும் நல்ல மதிப்பெண். ஃபார்மசி படிக்க வேண்டுமாம். தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தேன். வேதியியலே இல்லை. "ஏம்மா கெமிஸ்ட்ரி எடுக்கல?" என்றேன். "அந்த கிளாஸ்ல பஸ்சுக்கு லேட் ஆகும்னு சொன்னாங்க, நான் வேற பேக்கேஜ் போட்டுட்டேன்" என்றாள். இரண்டு வருடங்களுக்கு முன், பதினைந்து வயதில், ஒரு தாளில் போட்ட டிக் அது. யூபியூ திறக்கும் நாளில் அதை யாராலும் திருத்த முடியாது. இந்த விளக்கத்தை மூன்றாம் படிவத்துப் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் முதலில் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

முதலில், யூபியூ என்றால் என்ன? உயர்கல்வி அமைச்சு நடத்தும் பொது விண்ணப்ப முறை. எஸ்பிஎம் முடித்தவர்கள் பொதுப் பல்கலைக்கழகங்களின் அசாசி (அடித்தளப் படிப்பு), டிப்ளோமா படிப்புகளுக்கும், பாலிடெக்னிக், சமூகக் கல்லூரிகளுக்கும் இதன் வழி விண்ணப்பிக்கிறார்கள். ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வோ, பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான மெட்ரிக்குலேஷனோ முடித்தவர்கள் டிகிரிக்கும் இதே வாசல்தான். பன்னிரண்டு விருப்பங்கள் வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். மெட்ரிக்குலேஷன் கல்லூரிக்கும் ஆசிரியர் கல்விக் கழகத்துக்கும் யூபியூ கிடையாது. அவை கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன, விண்ணப்பம் தனி, கடைசி நாளும் தனி. யூபியூ போட்டாயிற்று, எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டு மெட்ரிக்குலேஷனைத் தவறவிட்ட பிள்ளைகள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

இனி அந்த டிக் விஷயம். முன்பு போல அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இரண்டே பிரிவுகள் இப்போது இல்லை. 2020 முதல் நான்காம் படிவத்தில் பாடத் தொகுப்பு முறை வந்துவிட்டது. பேக்கேஜ் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கும் சேர்ந்த தொகுப்பு ஒன்று. ஒன்றிரண்டு அறிவியல் பாடத்தோடு கணினியோ வேறு பாடமோ சேர்ந்த தொகுப்புகள் உண்டு. கணக்கியல், வணிகம், பொருளியல் பக்கம் போகும் தொகுப்புகளும் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாத் தொகுப்பும் இருக்காது. மூன்றாம் படிவத்தின் பிடி3 தேர்வு 2022-இல் நீக்கப்பட்டுவிட்டதால், "பரீட்சை ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லவும் வழியில்லை. வகுப்பு மதிப்பீட்டையும் ஆண்டிறுதி உவாசா தேர்வையும் வைத்துப் பள்ளி ஒரு தொகுப்பைச் சொல்லும். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அதுவே முடிவாகிவிடும்.

மெட்ரிக்குலேஷனின் அறிவியல் பிரிவுக்குப் போக வேதியியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். மருத்துவம், ஃபார்மசி, பொறியியல் என்று பேசும் பிள்ளை இந்த இரண்டையும் விட்டால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மறுபக்கம், கூடுதல் கணிதத்தில் திணறி எஸ்பிஎம்மில் விழுந்துவிடும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கணக்கியல் பக்கம் விட்டிருந்தால் மெட்ரிக்குலேஷனிலேயே கணக்கியல் பிரிவு இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் அறிவியலே கதி என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் படிவத்தின் பின்பாதியில் ஒரு நாள் அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை, பள்ளிக்குப் போய் ஆலோசக ஆசிரியரைப் பார்த்து, "இந்த பேக்கேஜ் எடுத்தா என் புள்ளைக்கு எந்தெந்தக் கதவு மூடும்?" என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியும். கேட்கத்தான் ஆள் வருவதில்லை.

எந்தத் தொகுப்பாக இருந்தாலும் இரண்டு பாடங்களில் விளையாட முடியாது: மலாய் மொழி, வரலாறு. இந்த இரண்டிலும் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. வரலாறு 2013-இலிருந்து இந்தப் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் கிடைக்க இ போதும். ஆனால் மேலே போக எல்லோரும் கேட்பது கிரெடிட், அதாவது சி அல்லது அதற்கு மேல். எட்டு பாடத்தில் நன்றாகச் செய்து மலாய் மொழியில் டி வாங்கிய பையனுக்கு மறுதேர்வைத் தவிர வேறு வழி காட்ட என்னால் முடியவில்லை.

அடுத்தது புறப்பாட நடவடிக்கை. எங்கள் பக்கத்தில் இதை மதிப்பவர் குறைவு. யூபியூ தகுதி மதிப்பெண்ணில் நூறுக்குத் தொண்ணூறு படிப்புக்கு, பத்து கோகோ என்ற இந்தப் புறப்பாடத்துக்கு. பத்துதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. எஸ்டிபிஎம் எழுதியவரின் பிஎன்ஜிகே, அதாவது 4-க்குக் கணக்கிடும் மொத்தச் சராசரிப் புள்ளி, 3.50 என்று வைத்துக்கொள்வோம். அதை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 78.75. கோகோவில் 8 எடுத்திருந்தால் மொத்தம் 86.75. கோகோவில் 4-தான் என்றால் 82.75. விட்டுப்போன அந்த நான்கு மதிப்பெண்ணைப் படிப்பிலேயே எடுத்து ஈடுகட்ட வேண்டுமானால் பிஎன்ஜிகே 3.68-ஆக ஏற வேண்டும். ஆறாம் படிவத்தில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், 3.50-லிருந்து 3.68-க்கு ஏறுவது எவ்வளவு ரத்தம் என்று.

இந்தப் பத்து எங்கிருந்து வருகிறது? சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு மூன்றிலும் வருகை, பொறுப்பு, எந்த நிலை வரை பங்கெடுத்தார் என்பதைப் பள்ளி பிஏஜேஎஸ்கே என்ற முறையில் பதிவு செய்கிறது. பள்ளி அளவு, மாவட்டம், மாநிலம் என்று ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் உள்ள சிக்கல் பேருந்து. கோகோ பிற்பகலில், வேன் ஒன்றரை மணிக்கே போய்விடும். பிள்ளை வேனைத் தவறவிட முடியாமல் வீட்டுக்கு வந்துவிடும், வருகைப் பதிவில் ஓட்டை விழும். நாலைந்து வீட்டுப் பெற்றோர் சேர்ந்து வாரத்துக்கு ஒரு நாள் முறை வைத்து ஏற்றிக்கொண்டு வரலாம். எங்கள் லயத்தில் இரண்டு வருடம் அப்படித்தான் ஒரு பழைய கஞ்சில் காரில் ஓட்டினோம். கூடவே சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு, ஒவ்வொரு ஆண்டு இறுதியிலும் ஆசிரியரிடம் காட்டி, பதிவில் ஏறிவிட்டதா என்று சரிபாருங்கள். இரும்புப் பெட்டியில் சான்றிதழ் பத்திரமாக இருந்து, பதிவில் இல்லை என்றால் பயனில்லை.

மெட்ரிக்குலேஷனா ஆறாம் படிவமா என்பது அடுத்த சண்டை. மெட்ரிக்குலேஷன் பெரும்பாலும் ஓராண்டு, தங்கிப் படிக்கலாம். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது கோப்பெங்கில் உள்ள பேராக் கல்லூரி. இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடியினர்), 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்பது நெடுநாளைய ஒதுக்கீடு. 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. ஏ மைனசை அதில் சேர்ப்பதா கூடாதா என்று பிறகு பெரிய வாதம் நடந்தது. ஆகவே உங்கள் பிள்ளை எழுதும் ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போன வருடம் கிடைத்தது என்று கணக்குப் போடாதீர்கள்.

ஆறாம் படிவத்தை "அது ரொம்ப கஷ்டம்" என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம், ஒரு பருவம் சறுக்கினால் அதை மறுபடி எழுதலாம். அரசாங்கப் பள்ளி, பெரிய செலவில்லை. 150 வெள்ளி (ரிங்கிட்) பள்ளித் தொடக்க உதவி 2025 முதல் ஆறாம் படிவத்துக்கும் வந்துவிட்டது. தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். எஸ்டிபிஎம்முக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. கைத்தொழில் பக்கம் மனமுள்ள பிள்ளைக்கு ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக், 1969-இல் தொடங்கியது. உள்ளூரிலேயே சமூகக் கல்லூரியும் இருக்கிறது.

ஐசி விஷயத்தைத் தோட்டத்தில் பேசாமல் விட முடியாது. யூபியூவுக்குக் குடிமக்களுக்கான நீல நிற அடையாள அட்டை வேண்டும். பன்னிரண்டு வயதில் மைகார்ட் என்ற அந்த அட்டையை எடுக்கப் போகும்போதுதான் சில வீடுகளில் சிக்கல் வெளியே வரும். பெற்றோர் கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள், பதிவு செய்திருக்க மாட்டார்கள். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும். தாய் குடிமகள் இல்லை என்றால் பிள்ளைக்கும் குடியுரிமை இல்லாமல் போகலாம். தேசியப் பதிவுத் துறையில் இதற்கான விண்ணப்பம் மாதக் கணக்கில் இல்லை, வருடக் கணக்கில் இழுக்கும். எஸ்பிஎம் முடித்த பிறகு ஆரம்பித்தால் யூபியூ காத்திருக்காது. முதலாம் படிவத்திலேயே பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். 1997-இல் தொடங்கிய பிடிபிடிஎன் கல்விக் கடனுக்குச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. கடன் கேட்கும் பிள்ளையின் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். 20 வெள்ளியில் திறந்துவிடலாம். இதைக் கடைசி வாரத்தில் திறக்க அலைவதைவிட இப்போதே திறந்து, போனஸ் வரும் மாதம் ஐம்பது நூறு என்று போட்டு வையுங்கள். கடன் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் ரொக்க உதவி வாங்கும் குடும்பத்துக்கு அந்தப் படிப்புக்கான உச்சத் தொகை கிடைக்கும். பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வசதி குறைந்த பிள்ளைகள், பதிவு நாள் செலவுக்கு 1,500 வெள்ளி வரை முன்பணம் கேட்கலாம். அது கடனிலிருந்து கழியும், இனாம் இல்லை. தலையணை, வாளி, பேருந்துக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று முதல் வாரத்திலேயே கரைந்துவிடும் பணத்துக்கு அது கை கொடுக்கும். இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்க அமைப்பான மித்ரா வழியும் மாணவர் உதவிகள் வருவதுண்டு, அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவு வரும் காலத்தில் மேசை போட்டு உட்காரும் தனியார் கல்லூரி முகவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்புக்கு எம்க்யூஏ அங்கீகாரம் இருக்கா?" உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசாங்க அமைப்பு அது; எம்க்யூஏ பதிவேடு இணையத்தில் திறந்தே கிடக்கிறது, கல்லூரிப் பெயரைத் தட்டினால் படிப்பும் வரும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பிடிபிடிஎன் கிடைக்காது. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் அப்படி ஒரு முகவரின் பேச்சைக் கேட்டு முன்பணமாகக் கட்டிய 800 வெள்ளி இன்றுவரை திரும்பவில்லை. கணினி இலவசம் என்றார்களாம்.

விண்ணப்பத்தின்போது நான் அதிகம் திண்டாடுவது மின்னஞ்சலால். பள்ளி கொடுத்த டெலிமா முகவரியைப் போட்டுவிடுவார்கள், பள்ளியை விட்டதும் அது கையை விட்டுப் போகும். அல்லது கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த முகவரி, கடவுச்சொல் அவருக்கே ஞாபகமில்லை. நான்காம் படிவத்திலேயே சொந்தமாக ஒன்று திறந்து, கடவுச்சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். யூபியூ வழக்கமாக எஸ்பிஎம் முடிவுக்கு முன்பே திறந்துவிடும், முடிவு வந்த பிறகு விருப்பங்களை மாற்றிக்கொள்ளவும் நாள் கொடுப்பார்கள். அதனால் முன்பே உள்ளே போய் ஒவ்வொரு படிப்பும் என்ன கேட்கிறது என்று பார்த்து வைக்கலாம். நேர்முகத் தேர்வு உள்ள படிப்புகளுக்கு அழைப்பு வரும், அதற்கும் அந்த மின்னஞ்சல்தான். இடம் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு. முடிவு பார்க்கும் அன்றே மேல்முறையீட்டின் கடைசித் தேதியையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அக்காவின் போனில் பார்த்துவிட்டு வந்து, மறுவாரம் என்னிடம் கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.