ரீஜென் என்றால் மீட்பு

திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து பண்ணாரிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம், பக்கத்து சீட்டில் என் மாமா. முப்பது வருடம் இதே ரோட்டில் மைசூருக்கு லாரி ஓட்டியவர், என் மின்சார காரில் அன்றுதான் முதல்முறையாக ஏறியிருந்தார். ஐந்தாறு வளைவு தாண்டும்வரை பேசவே இல்லை, என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்டார்: "ஏன் மாப்ள, பிரேக்கையே தொடாம இறங்கறே, வண்டி எப்படிக் கட்டுப்படுது?"

"காலை எடுத்தாலே ரீஜென் பிடிச்சுக்கும்ங்க மாமா."

"ரீஜென்னா?"

"ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்" என்று நீட்டிச் சொன்னேன். கேட்டது அர்த்தம், நான் சொன்னது அதே பெயரின் முழு நீளம். தினமும் ஓட்டுகிற ஒன்றைத் தமிழில் ஒரு வரியில் சொல்ல வரவில்லையே என்று உறுத்தியது. அதிலிருந்துதான் இந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். பழைய சைக்கிளில் பின் டயரை ஒட்டி ஒரு டைனமோ இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? இருட்டியதும் அதைத் தட்டி டயரோடு உரச விட்டால் முன் விளக்கு எரியும், அதே நொடியில் பெடல் கனக்கும். விளக்குக்குப் போகிற மின்சாரம் நம் காலிலிருந்துதான் போகிறது, அந்தக் கனம் அதற்கான விலை. மின்சார காரில் நடப்பதும் இதுவேதான். பேட்டரியிலிருந்து மின்சாரம் போனால் மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் டைனமோவாக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது, அந்தக் கனம் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. சாதாரண பிரேக்கில் டிஸ்க்கைப் பேட் கவ்வுகிறது, ஓட்டம் முழுக்கச் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. மலை இறங்கியதும் லாரியின் சக்கரத்துப் பக்கம் வருமே ஒரு தீய்ந்த வாடை, அது காசு கொடுத்துப் போட்ட டீசல் சூடாகிப் போன வாடை.

சரி, எவ்வளவு திரும்பி வரும்? 1,500 கிலோ கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 58 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. ஒரு சிக்னலுக்குச் சின்னத் தொகைதான், அதுவும் முழுசாகத் திரும்பாது. ஆனால் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதை யோசித்துப் பாருங்கள். ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,800 கிலோ வண்டி என்றால் கணக்குப்படி 9 யூனிட்டுக்கு மேல் அந்த உயரத்தில் சேர்ந்து கிடக்கிறது. டயர் உராய்வு, காற்று, மோட்டாரின் சேதாரம் எல்லாம் போக அதில் ஒரு பகுதி திரும்பினாலும் பல கிலோமீட்டர் ஓடலாம்.

இனி சொல்லுக்கு வருவோம். ரீஜெனரேட்டிவ் என்பதன் வேர் லத்தீன். 'ரீ' என்றால் மறுபடி, 'கெனெராரே' என்றால் பிறப்பித்தல். இந்த 'கென்' வேரும் சமஸ்கிருதத்தின் 'ஜன்' வேரும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்தவை, ஆகவே ரீஜெனில் இருக்கும் ஜெனும் நாம் சொல்லும் ஜென்மமும் உண்மையிலேயே சொந்தக்காரர்கள். ஆங்கிலத்தில் இது முதலில் சமயச் சொல்லாகப் புழங்கியது, ஆன்மா புதிதாகப் பிறப்பது என்ற பொருளில். தமிழ் விவிலியம் அந்த இடத்தில் 'மறுஜென்மம்' என்றே எழுதியிருக்கிறது. இயந்திர உலகத்தில் நுழைந்தபோது பொருள் மாறிவிட்டது. 1850களில் சீமென்ஸ் சகோதரர்கள் அமைத்த உலையில், புகைபோக்கி வழியாக வெளியேறப்போகும் சூட்டைச் செங்கல் அடுக்கில் பிடித்து வைத்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்தார்கள். அதற்கும் ரீஜெனரேட்டிவ் என்றுதான் பெயர். எதுவும் புதிதாகப் பிறக்கவில்லை, வீணாகப் போக இருந்தது திரும்பி வந்தது. 1886இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்ப்ரேக்கின் நிறுவனம் மின்சார மோட்டாரோடு இந்த வகை பிரேக்கையும் கொண்டுவந்தபோதும் அதே பொருள்தான்.

ஆக, காருக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ரயிலில் பழகிய சமாச்சாரம் இது. இன்று நம் தண்டவாளங்களில் ஓடும் டபிள்யூஏபி-7 இன்ஜின் வேகம் குறையும்போது மின்சாரத்தை மேலே போகும் கம்பிக்கே திருப்பி விடுகிறது, அதை அந்தப் பக்கம் வரும் வேறொரு ரயில் எடுத்துக்கொள்ளும். மெட்ரோ ரயில்களும் இப்படித்தான். சுவீடனின் கிருனா சுரங்கத்திலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இரும்புத்தாது ஏற்றி இறங்கும் ரயில்கள் இன்னும் ஒரு படி மேலே. பாரத்தோடு இறங்கும்போது கிடைப்பது, காலியாகத் திரும்பி ஏறும் ரயில்களுக்கும் உதவுகிறது.

பிரேக் என்ற சொல்லின் கதை அத்தனை தெளிவானது இல்லை, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆளிச்செடியின் தண்டை நசுக்கி நார் பிரிக்கும் கருவிக்கு டச்சு மொழியில் இருந்த பெயரோடு அதைச் சேர்க்கிறார்கள். குதிரையின் கடிவாளத்துக்கும், இழுவை மாட்டின் மூக்கில் போடும் வளையத்துக்கும்கூட அந்தச் சொல் இருந்திருக்கிறது. நம் ஊரில் மூக்கணாங்கயிறு செய்யும் வேலைதானே அது! மாட்டை அடக்க மூக்கணாங்கயிறு, வண்டி நின்றபின் நகராமலிருக்கச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை. இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்திருந்த மொழியில் இன்று எல்லாவற்றுக்கும் பிரேக் என்கிறோம்: பிரேக் பிடி, பிரேக் போடு, பிரேக் அடி. அதில் எனக்குக் குறை இல்லை. பேருந்து, தேர்தல் அளவுக்குப் பழகிப்போன சொல் அது, விட்டுவிடலாம்.

என் குறை ரீஜெனுக்கு வைக்கும் தமிழ்ப் பெயரில்தான். 'மீளுருவாக்க நிறுத்தம்' என்று பார்க்கிறேன், 'மறு உற்பத்தி பிரேக்' என்றும் பார்க்கிறேன். அகராதியில் ரீஜெனரேஷனுக்கு எதிரே 'மீளுருவாக்கம்' இருக்கும், பல்லியின் வால் மறுபடி வளர்கிறதே அதற்கு அது பொருத்தமான சொல். இங்கே ஆற்றல் எதுவும் புதிதாக உருவாவதில்லை. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ மனப்பாடம் செய்துவிட்டு, காருக்கு மட்டும் உருவாக்கம் என்று எழுதினால் படிக்கிறவருக்கு வண்டி தானே மின்சாரம் தயாரித்துக்கொள்கிறது என்றுதான் தோன்றும். "அப்போ சார்ஜே போட வேண்டாமா?" என்று என்னிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! தப்பு அவர்களுடையது இல்லை, சொல்லுடையது. 'நிறுத்தம்' என்பதும் சரிப்படவில்லை. அது பஸ் நிற்கும் இடம், இல்லாவிட்டால் வேலைநிறுத்தம். இது வேகத்தைக் குறைக்கும் வேலை, பல கார்களில் கடைசி வரை நிறுத்துவதுகூட இல்லை.

மற்ற மொழிகளைப் பார்த்தால் வழி தெரிகிறது. ஜெர்மன்காரர்கள் இதை 'ரெகுபெராட்சியோன்' என்கிறார்கள், இழந்ததைத் திரும்பப் பெறுதல் என்று பொருள். 2009இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் 'கெர்ஸ்' என்று ஒன்று வந்ததே, அந்தப் பெயரின் விரிவில் இருப்பதும் இயக்க ஆற்றலைத் திரும்பப் பெறுவதுதான், பிறப்பிப்பது இல்லை.

இதற்குத் தமிழில் தேட வேண்டிய அவசியமே இல்லை: மீட்பு. மீள் என்றால் தானாகத் திரும்புவது, போனவர் மீண்டார். மீட்டல் என்றால் போனதை நாம் போய்க் கொண்டுவருவது. மாட்டு மந்தையைக் கவர்ந்து போவது வெட்சித் திணை, அதை மீட்டு வருவது கரந்தை. இரண்டாயிரம் வருடம் கழித்தும் அதே வினை அதே பொருளில் நம் வாயில் இருக்கிறது, அடகு வைத்த நகையை என்ன செய்கிறோம் என்று யாரையும் கேட்டுப் பாருங்கள். வட்டி போகத்தான் நகை கையில் வரும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மேட்டில் ஏறும்போது பேட்டரியிலிருந்து எடுத்து உயரத்திடம் அடகு வைக்கிறோம், இறங்கும்போது மீட்கிறோம், வட்டி சூடாகப் போகிறது. மாமாவுக்கு அன்று கடைசியில் இப்படித்தான் விளக்கினேன். "அப்போ இறங்கறப்போ டீசல் திரும்ப டேங்குக்கு வர்ற மாதிரிங்கறே" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஆனால் ஒரு சிக்கல். மீட்போடு பிரேக்குக்கான தமிழ்ச்சொல்லைச் சேர்த்தால் பொருள் தலைகீழாகிறது. 'மீட்புத் தடை' என்றால் மீட்கக் கூடாது என்று யாரோ உத்தரவு போட்ட மாதிரி இருக்கிறது. 'ஆற்றல்மீட்புத் தடுப்பு' என்றால் ஆற்றல் மீள்வதைத் தடுக்கும் ஏதோ ஒன்று. திருப்பிப் போட்டு 'தடுப்பாற்றல் மீட்பு' என்று எழுதினால் நோய்த் தடுப்பாற்றலாகி ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொகைகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதனால் நான் எழுதுவது இப்படி: நிகழ்வுக்கு 'ஆற்றல் மீட்பு', கருவிக்கு 'மீட்பு பிரேக்'. பிரேக் வேண்டாம் என்பவர்கள் 'ஆற்றல் மீட்கும் நிறுத்தி' என்று பெயரெச்சமாக எழுதலாம், குழப்பம் வராது. டாடா நெக்ஸான் மின்சார காரின் ஸ்டியரிங் பின்னால் இருக்கும் பட்டையில் 0 முதல் 3 வரை மாற்றுகிறோமே, அது 'மீட்பு அளவு'.

அடுத்தது ஒன்-பெடல் டிரைவிங். பெடல் என்பது பாதத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, தமிழில் அதற்கு மிதி என்று எப்போதோ வைத்துவிட்டார்கள், மிதிவண்டி அதன் பிள்ளை. ஆகவே 'ஒற்றைமிதி ஓட்டம்'. (ஒற்றைமிதி ஓட்டல் என்று எழுதினால் இட்லி ஞாபகம் வரும், வேண்டாம்.) அழுத்தினால் ஓடும், பாதி விட்டால் தளரும், முழுக்க விட்டால் பிடித்துக்கொள்ளும். 2017இல் வந்த இரண்டாம் தலைமுறை நிசான் லீஃபில் இதற்கு இ-பெடல் என்று பெயர் வைத்தார்கள், அதில் கால் எடுத்தால் வண்டி முழுசாகவே நின்றுவிடும். ஸ்கூட்டரில் மிதியே கிடையாது, அங்கே ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறோம். ஓசூரில் தயாராகும் ஏத்தர் வண்டிகளில் 2024இல் வந்த ஒரு மாடல், கைப்பிடியை எதிர்ப்பக்கமாக முறுக்கினால் வேகம் குறையும்படி இருந்தது. ஒற்றைமுறுக்கு ஓட்டம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்த இடத்தில் இலங்கைப் பாடநூல்களைச் சொல்லாமல் விட மனசில்லை. வேகம் கூடுவதை அவர்கள் ஆர்முடுகல் என்பார்கள், குறைவதை அமர்முடுகல். நாம் முடுக்கம், எதிர் முடுக்கம் என்கிறோம். அமர்தல் என்றால் அடங்கி நிலைகொள்வது. காலை மெல்லத் தளர்த்தும்போது வண்டி அடங்கி வரும் அந்த உணர்வுக்கு அமர்முடுகல் எவ்வளவு பொருந்துகிறது! ஜெனரேட்டரையும் அவர்கள் மின்பிறப்பாக்கி என்கிறார்கள், லத்தீன் வேரின் பிறப்பு அப்படியே அதில் இருக்கிறது. அங்கே அது சரி, ஏனென்றால் ஜெனரேட்டர் நிஜமாகவே மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது.

ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஒற்றைமிதி பழகினால் கால் பிரேக்கை மறக்கத் தொடங்கும், குறுக்கே மாடு வந்தால் மீட்பு பிரேக் போதவே போதாது, பழைய பிரேக்கைத்தான் மிதித்தாக வேண்டும். அவ்வப்போது அதை அழுத்தி ஓட்டுங்கள், வேலை இல்லாத டிஸ்க் துருப்பிடிக்கும், கடலோர ஊரில் சீக்கிரமே.

சொல் சரியாக இருந்தால் விஷயமும் விளங்கிவிடும் என்பதை ஊட்டியில் பார்த்தேன். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் இறக்கத்திலேயே காலை எடுத்தால் வண்டி பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. பிரேக்கை மிதித்து இறங்கினேன், ஆனாலும் ஒரு நொடி வயிற்றைக் கலக்கியது. என்னாச்சு என்று அம்மா கேட்டபோது ரீஜென் லிமிட் என்று சொல்ல வாயெடுத்து, மாற்றிச் சொன்னேன்: "பேட்டரி நெறஞ்சிருக்கும்மா, மீட்டா வைக்க இடமில்ல." அம்மாவுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. "அப்போ மேல இருக்கும்போது எண்பதோட நிறுத்தியிருக்கணும்" என்றார்.