மக்கு இல்லை, மைனஸ் நாலரை

போன வாரம் வந்த பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் நாலரை. இதுவரை கண்ணாடி போட்டதே இல்லை. ஆனால் அவன் படிப்புக்காக வீட்டில் செய்த வைத்தியங்களுக்குக் குறைச்சல் இல்லை: இரண்டு டியூஷன், ஒரு பள்ளி மாற்றம், ஞாபக சக்திக்கு ஒரு லேகியம், போன வருடம் முழுக்க செல்போன் பறிமுதல். "மேக்ஸ்ல ரொம்ப வீக்குங்க, கவனமே இல்ல" என்று அவன் முன்னாலேயே அவன் அப்பா சொன்னார். கண்ணைக் காட்டவும் அவர்கள் வரவில்லை. தினமும் சாயங்காலம் தலைவலி என்று டாக்டரிடம் போய், அவர் எங்களிடம் அனுப்பியிருக்கிறார்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடிப் பவர் எழுதுபவள். திண்டுக்கல், தேனிப் பக்கம் பள்ளி முகாம்களுக்கும் போகிறேன். ஒவ்வொரு கல்வியாண்டு தொடக்கத்திலும் இதே மாதிரி பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். பெயரும் ஊரும்தான் மாறுகின்றன, கதை மாறுவதில்லை. நேரில் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

மைனஸ் பவர் என்றால் கிட்டப்பார்வை. மைனஸ் நாலரை என்றால் என்ன? கண்ணிலிருந்து ஒரு சாண் தூரம் வரைதான் தெளிவு. அதைத் தாண்டினால் எல்லாமே மங்கல். புத்தகத்தை மூக்கருகே வைத்தால் நன்றாகவே படிப்பான். கரும்பலகை பதினைந்து அடி தள்ளி இருக்கிறது. அதில் ஏதோ வெள்ளையாக நெளிகிறது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

அந்தப் பையனின் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். பலகையில் 8 என்று எழுதியது நோட்டில் 3 ஆகியிருக்கிறது. 7 இருக்க வேண்டிய இடத்தில் 1. தசமப் புள்ளியைக் காணவே காணோம். ஆனால் அவன் எழுதிக்கொண்ட எண்களை வைத்துப் போட்ட வழிமுறை ஒவ்வொன்றும் சரி, பெருக்கலும் வகுத்தலும் சரி. விடை மட்டும் தப்பு, ஏனென்றால் கணக்கே வேறு கணக்கு. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. வழிமுறையைத் திருத்தியவர் கேள்வியை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், ஆறாம் வகுப்பிலேயே இது கண் சமாச்சாரம் என்று பிடிபட்டிருக்கும்.

இன்னொரு துப்பும் உண்டு. "டியூஷன்ல நல்லா பண்றான், ஸ்கூல்லதான் பண்ண மாட்டேங்கிறான், திமிர்" என்று யாராவது சொன்னால் என் காது உடனே நிமிர்ந்துவிடும். டியூஷனில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டிலேயே எழுதிக் காட்டுகிறார். பள்ளியில் பலகையில் எழுதுகிறார்கள். திமிர் எங்கிருந்து வந்தது? அதே மாதிரி, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று மதிப்பெண் இறங்கினால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியை இடம் மாற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள். அவள் நோட்டைப் பார்த்துத்தான் இத்தனை நாள் எழுதியிருக்கும்.

"கண்ணு தெரியலைன்னா பிள்ளை சொல்லாதா?" சொல்லாது. சின்ன வயதிலிருந்தே மங்கலாகவே பார்க்கும் பிள்ளைக்கு, மற்றவர்களுக்கு வேறு மாதிரி தெரிகிறது என்பதே தெரியாது. உலகமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு கண் நன்றாக இருந்து மறு கண் மட்டும் மோசமாக இருந்தால் இன்னும் சிக்கல். பிள்ளை ஓடும், சைக்கிள் ஓட்டும், பலகையையும் படிக்கும். ஆனால் பயன்படாத கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கிவிடும். அதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். அதைச் சின்ன வயதிலேயே பிடிக்க வேண்டும். ஏழு, எட்டு வயதைத் தாண்டிவிட்டால் கண்ணாடி போட்டாலும் பார்வையை முழுதாக மீட்பது கடினம்.

அனைவருக்கும் தரமான கல்வி என்பதை 2015-இல் ஐ.நா. தன் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவதாக வைத்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, ஸ்மார்ட் கிளாஸ் என்று பேச்சு. எல்லாம் வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பலகை தெரியாத பிள்ளைக்கு அதை ஸ்மார்ட் போர்டாக மாற்றிக் கொடுத்தால், பளபளப்பாக மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது. அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாமலே கிடப்பது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு இது. 2021 ஜூலையில்தான் ஐ.நா. பொதுச்சபை பார்வைக்கென்று ஒரு தீர்மானம் போட்டு, கல்வி உள்ளிட்ட இலக்குகளோடு அதைச் சேர்த்துப் பேசியது.

கண்ணாடி போட்டால் படிப்பு வருமா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மேற்குச் சீனாவில் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 252 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, ஒரு பகுதிப் பள்ளிகளில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்தார்கள். கல்வியாண்டு முடிவில் அவர்களுடைய கணக்கு மதிப்பெண் மற்றவர்களைவிட ஏறியிருந்தது. 2014-இல் வெளியான ஆய்வு. அமெரிக்காவில் பால்டிமோர் நகர அரசுப் பள்ளிகளிலும் இதே மாதிரி ஒரு சோதனை நடந்து 2021-இல் முடிவு வெளியானது. முதல் வருடத்தில் வாசிப்பு முன்னேறியது, தொடக்க வகுப்புகளில் கணக்கும் முன்னேறியது. மதிப்பெண்ணில் கடைசியில் இருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். இரண்டாம் வருடத்தில் அந்த முன்னேற்றம் மங்கிவிட்டது. பிள்ளைகள் கண்ணாடியைத் தொலைத்திருப்பார்கள், உடைத்திருப்பார்கள், போடுவதை விட்டிருப்பார்கள் என்பது எங்கள் தொழிலில் இருக்கும் யாருக்கும் சொல்லாமலே புரியும்.

சீன ஆய்விலும் அதே கதைதான். இலவசமாகக் கொடுத்தும், சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போய்ப் பார்த்தபோது பாதிப் பிள்ளைகள்கூடக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. காரணம், கண்ணாடி போட்டால் பிள்ளையின் கண் கெட்டுப்போகும் என்ற நம்பிக்கை அங்கும் ஊறிக் கிடக்கிறது. நம் ஊரில் மட்டும்தான் இந்தப் பேச்சு என்று நினைத்திருந்தேன். கான்சு பாட்டிக்கும் கம்பம் பாட்டிக்கும் யார் தூது போனார்களோ!

சரி, அந்தப் பேச்சுக்கே வருகிறேன். "இப்பவே போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும், கொஞ்ச நாள் போகட்டும்." என்னை இதைவிடக் கோபப்படுத்தும் வாக்கியம் வேறு இல்லை. கண்ணாடி பவரை ஏற்றாது. வளர்கிற பிள்ளையின் கண்விழியும் வளர்கிறது. பிறக்கும்போது பதினாறு, பதினேழு மில்லிமீட்டர் நீளம் இருக்கும் விழி, பெரியவர்களானால் இருபத்து நாலுக்குப் பக்கத்தில் வருகிறது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு இந்த நீளம் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இரண்டரை பவர் வரை ஏறும். கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். போன வருடச் செருப்பு இந்த வருடம் பற்றவில்லை என்றால், செருப்புப் போட்டதால்தான் கால் வளர்ந்தது என்று யாராவது சொல்வார்களா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டு ஒரு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால், முன்பைவிட மங்கலாகத் தெரிவதாகப் பிள்ளை சொல்லும். வீட்டில் பதறிவிடுவார்கள். பார்வை அதேதான். தெளிவு என்றால் என்னவென்று பிள்ளைக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது, அதனால் பழைய மங்கல் உறுத்துகிறது.

அடுத்தது, "பாதி பவர் போட்டுக் குடுங்க மேடம், கண்ணு பழகட்டும்" என்ற வேண்டுகோள். மலேசியாவில் 9 முதல் 14 வயது வரையான 94 பிள்ளைகளை இரண்டு வருடம் வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு முழுப் பவர், சிலருக்கு வேண்டுமென்றே குறைத்த பவர். குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது. 2002-இலேயே வெளியான முடிவு. இத்தனை வருடம் கழித்தும், சீட்டில் இருப்பதைக் குறைத்துக் கண்ணாடி மாட்டிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. வாடிக்கையாளர் கேட்டார் என்பது ஒரு காரணமா?

பொன்னாங்கண்ணி, கேரட், முருங்கை எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அதற்கு அவை நல்லவை. நீண்டுபோன விழியைக் கீரை சுருக்காது. யூடியூப் கண் பயிற்சியும் சுருக்காது.

பவர் வருவதைத் தள்ளிப்போட உண்மையிலேயே உதவுவது ஒன்று உண்டு, காசும் செலவில்லை: பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது. சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம். வழக்கம்போல் விட்ட பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். தைவான் 2010 முதலே தினம் 120 நிமிடம் என்று பள்ளிகளில் திட்டமாக வைத்திருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பி.டி. பீரியடை மேக்ஸ் மிஸ் கடன் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மேக்ஸ் மிஸ், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பலகையைப் பார்க்கத்தான் அந்தக் கண் வேண்டும்.

முகாம்களில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நிற்கும் பிள்ளைகள், முன்னால் நிற்பவர் படிப்பதைக் கேட்டே சார்ட்டை மனப்பாடம் செய்துவிடும். ஐந்தாவது ஆள் வரும்போது கண்ணை மூடிக்கொண்டே கடைசி வரி வரை ஒப்பிக்கும். அதனால் வரிசையை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள், வரியின் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகக் கேளுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடச் சொன்னால் விரல் இடுக்கில் பார்க்கும். அட்டையைக் கொடுங்கள். இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்து வைத்துச் சோதித்து 'நார்மல்' என்று எழுதுவதற்கு, சோதிக்காமலே இருந்துவிடலாம்.

பவர் அளக்கும் மெஷினில் வரும் சீட்டை மட்டும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி எழுதக்கூடாது. சின்னக் கண் மெஷினுக்குள் பார்க்கும்போது இறுக்கிக்கொள்ளும், இல்லாத மைனஸ் வரும். சொட்டு மருந்து விட்டு, தளர்ந்த பிறகுதான் சரியான பவர் கிடைக்கும். "சொட்டு விட்டா இன்னிக்கு ஹோம்வொர்க் எழுத முடியாதே" என்று மருந்துக்கு மறுக்கும் அம்மாக்களே, ஒரு நாள் ஹோம்வொர்க்கில் ஒன்றும் முழுகிவிடாது.

பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு பரிசோதனை, பிறகு வருடம் ஒருமுறை. அப்பா அம்மா கண்ணாடி போட்டிருந்தால் கண்டிப்பாக. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டக் குழு அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பார்க்கிறது. அன்றைக்குப் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். தனியார் பள்ளிப் பெற்றோர் இதில் இன்னும் மோசம். பீஸ் கட்டுகிறோம், பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு.

கண்ணாடி வாங்கும்போது 'வளர்ந்தாலும் போடலாம்' என்று பெரிய பிரேமாக வாங்காதீர்கள். அது மூக்கில் இறங்கி, பிள்ளை கண்ணாடிக்கு மேலே பார்க்கும். பிரேமைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தனக்குப் பிடித்ததை அது கழற்றிப் பைக்குள் வைக்காது. உடைந்தால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து, கண்ணாடியின் ஒடிந்த காலை நூலால் கட்டி ஒளித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சமாளிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பெண் பிள்ளைக்கு மட்டும் "கல்யாண நேரத்துல பிரச்சனை வரும்" என்று கண்ணாடி வேண்டாம் என்பவர்களிடம் எனக்குப் பேசவே பிடிக்கவில்லை. அவள் இப்போது ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள்.

ஆசிரியர்களிடம் ஒரு கெஞ்சல். சோடாபுட்டி, நாலு கண்ணு என்று வகுப்பில் யாராவது சொன்னால் அன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் எங்கள் இலவசக் கண்ணாடி பெட்டியை விட்டு வெளியே வராது. யார் யாருக்குக் கண்ணாடி என்ற பட்டியலை வருகைப் பதிவேட்டுக்குள் செருகி வையுங்கள். காலையில் பெயர் கூப்பிடும்போதே "கண்ணாடி எங்கப்பா?" என்று கேட்டுவிடலாம். சீனாவில் கண்ணாடி போடவைத்த ஆசிரியர்களுக்கு டேப்லெட் பரிசு என்று அறிவித்தவுடன், போடும் பிள்ளைகள் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. என்னிடம் டேப்லெட் இல்லை. நல்ல வார்த்தைதான் இருக்கிறது.

அப்புறம், முகாம் முடிந்து சாமான் கட்டும் நேரத்தில் தயங்கித் தயங்கி வந்து "எனக்கும் ஒருக்கா பாத்துடுறீங்களா" என்று கேட்கும் டீச்சர்களுக்கும் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் தெரிவது குறையும். நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் திருத்துகிறீர்கள் என்றால் நேரம் வந்துவிட்டது. வெட்கப்படாமல் பிள்ளைகளுக்கு முன்னாலேயே வந்து உட்காருங்கள். நீங்கள் போட்டுக்கொண்டு போய் நின்றால் அடுத்த நாள் அவர்களும் போடுவார்கள்.