ஓர் உணவு ஆணையத்தை நடத்த எவ்வளவு ஆகும்?

மக்களவையில் தாக்கலாகும் மசோதாக்கள் சிலவற்றைப் புரட்டினால், நடுநடுவே ஒருசில பிரிவுகள் மட்டும் தடித்த எழுத்திலோ சாய்வெழுத்திலோ இருக்கும். அச்சுப் பிழை இல்லை அது. அரசுப் பணம் செலவாகும் பிரிவுகளை அப்படித்தான் அச்சிட வேண்டும் என்று மக்களவையின் 69ஆம் விதி சொல்கிறது. கூடவே நிதிக் குறிப்பாணை என்று ஒரு தாளும் இணைந்திருக்க வேண்டும். எந்தப் பிரிவால் செலவு வரும், ஒரே முறை ஆவது எவ்வளவு, ஆண்டுதோறும் ஆவது எவ்வளவு என்று அதில் கணக்குச் சொல்ல வேண்டும். மாநிலங்களுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 207ஆவது பிரிவு இருக்கிறது. மாநிலத்தின் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசுக் கருவூலப் பணத்துக்கு, செலவு வைக்கும் மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் சட்டமன்றம் நிறைவேற்ற முடியாது.

இவ்வளவு காவல் இருந்தும், புதிதாக ஓர் அலுவலகம் தொடங்கும்போது "இதுக்கு எவ்வளவுப்பா ஆகும்?" என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைப்பது அரிது. மாநில உணவு ஆணையத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 16ஆவது பிரிவில், ஒவ்வொரு மாநிலமும் ஓர் உணவு ஆணையம் அமைக்க வேண்டும் என்கிறது. ஒரு தலைவர், ஐந்து உறுப்பினர்கள், இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத ஒரு உறுப்பினர் செயலர் என ஏழு பேர். இவர்களில் குறைந்தது இரண்டு பேர் பெண்களாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர் ஒருவரும் பழங்குடியினர் ஒருவரும் இருக்க வேண்டும். ரேஷன், சத்துணவு, அங்கன்வாடி உணவு, பேறுகால உதவி ஆகியவை சட்டப்படி மக்களுக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று கண்காணிப்பது இவர்கள் வேலை. மாவட்டக் குறைதீர் அலுவலர் சொன்ன தீர்ப்பு திருப்தியில்லை என்றால் மேல்முறையீடு இங்கேதான் வரும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கும் உண்டு.

சரி, செலவு. அரசுக் கணக்கில் இரண்டு பைகள் உண்டு: தொடரா செலவினம், தொடர் செலவினம். மேசை, நாற்காலி, கணினி, நகல் எடுக்கும் இயந்திரம் எல்லாம் முதல் பையில் சேரும். இதற்கு ஒன்றிய அரசு ஒரு முறை உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றை வைத்திருந்தது. கட்டடம் கட்டவோ மாதாமாதம் ஆகும் செலவுக்கோ அதில் காசு கிடையாது. கண்ணுக்குத் தெரிவது இந்தப் பைதான். திறப்பு விழாப் படத்தில் வருவதும் இதுவே. ஆனால் ஓர் அலுவலகத்தின் உண்மையான விலை இரண்டாவது பையில் இருக்கிறது, அதில் பெரும்பங்கு சம்பளம்.

ஒரு உத்தேசக் கணக்கு. தொகைகள் எல்லாம் நான் வைத்துக்கொண்டவை, எந்த மாநிலத்தின் பட்ஜெட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. தலைவருக்கும் உறுப்பினர் செயலருக்கும் மாதம் 2.25 லட்சம் ரூபாய் வீதம் 4.5 லட்சம். ஐந்து உறுப்பினர்களுக்குத் தலா 1.8 லட்சம் என்றால் 9 லட்சம். பிரிவு அலுவலர், உதவியாளர், தட்டச்சர், ஓட்டுநர் என்று 25 பேருக்குச் சராசரியாக 60,000 ரூபாய் வீதம் 15 லட்சம். மாதம் 28.5 லட்சம், ஆண்டுக்கு 3.42 கோடி. வாடகை, மின்சாரம், வண்டி, மாவட்டங்களுக்குப் போய்வரும் பயணப்படி, விசாரணைச் செலவு, ஆண்டறிக்கை அச்சு எல்லாவற்றுக்கும் தாராளமாக ஒன்றரைக் கோடி. மொத்தம் ஏறக்குறைய 5 கோடி.

இதில் இரண்டு இடங்களில் கணக்கு வழுக்கும். முதலாவது, பணியிடங்கள் அக்டோபரில் நிரம்பினால் அந்த நிதியாண்டில் ஆறு மாதச் சம்பளம்தான் ஏறும். முதல் ஆண்டுத் தொகையைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று நினைப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு அது இரட்டிப்பானதுபோலத் தெரியும். இரண்டாவது, ஓய்வூதியப் பங்கு. வேறு துறையிலிருந்து அயற்பணியில் வருபவரின் ஓய்வூதியச் சுமை பெரும்பாலும் இந்த அலுவலகத்தின் பெயரில் எழுதப்படுவதில்லை. எங்கோ ஒரு பொதுத் தலைப்பில் கரைந்துவிடும். அகவிலைப்படி வேறு அவ்வப்போது ஏறும்.

ஆண்டுக்கு ஐந்து கோடி அதிகமா, குறைவா? தனியாக வைத்துப் பார்த்தால் பெரிய தொகைதான். அது கண்காணிக்கும் பொருளுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அளவு புரியும்.

தமிழ்நாடு இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தத் தொடங்கியது 2016 நவம்பர் 1 முதல். சட்டத்தின் நான்காம் அட்டவணை தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 36.78 லட்சம் டன் தானியத்தை உறுதி செய்திருக்கிறது. இந்திய உணவுக் கழகத்துக்கு ஒரு கிலோ அரிசி அடக்கவிலையாக 2023-24இல் சுமார் 39 ரூபாய் ஆனது. விவசாயிக்குக் கொடுக்கும் ஆதரவு விலை, சந்தைக் கட்டணம், சாக்கு, அரவைக் கூலி, ரயில் செலவு, கிடங்கு, வங்கி வட்டி எல்லாம் சேர்ந்த விலை அது.

இப்போது வகுத்துப் பாருங்கள். 5 கோடியை 39ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12.8 லட்சம் கிலோ, அதாவது 1,280 டன். அதை 36.78 லட்சம் டன்னுக்குப் பங்கு போட்டால் ஒரு கிலோவுக்கு 0.35 கிராம். மாதம் 20 கிலோ அரிசி வாங்கும் ஒரு குடும்பத்துக்கு 7 கிராம். அம்மா உலையில் போடும்போது விரலிடுக்கில் சிந்துகிற அரிசி அளவு. தராசில் குறைவதும் வழியில் காணாமல் போவதும் ஆணையம் இருப்பதால் அட்டைக்கு மாதம் 7 கிராம் குறைந்தாலே அது தன் செலவை ஈட்டிவிடும். இந்த எண்ணை முதலில் போட்டுப் பார்த்தபோது நானே இன்னொரு முறை சரிபார்த்தேன்.

ஆனால் அந்த 7 கிராம் தானாக மிச்சமாகாது. ஆணையம் இருக்கிறது என்று பெயர்ப்பலகை மாட்டியதால் எந்தக் கடையிலும் எடை கூடாது. புகார் வர வேண்டும், விசாரிக்க வேண்டும், உத்தரவு போட வேண்டும். எங்கள் பெரியம்மா வயல் வேலை செய்தே கைரேகை தேய்ந்தவர். கருவி ரேகையை ஏற்கவில்லை என்று ஒரு மாதம் ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பினார். அடுத்த மாதமும் அதே கதை. பக்கத்து ஊர் அலுவலகத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறினார், இரண்டு நாள் கூலி போயிற்று. இப்படி ஒருவருக்குச் சேர வேண்டிய தானியம் கிடைக்காவிட்டால் அரசு உணவுப் பாதுகாப்புப் படி என்ற தொகையைத் தர வேண்டும் என்று சட்டத்தின் 8ஆவது பிரிவு சொல்கிறது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த பஸ் கட்டணமும் கூலியும் எந்த நிதிக் குறிப்பாணையிலும் ஏறுவதில்லை. குறைதீர்க்கும் அமைப்பு வேலை செய்யாத இடத்தில் அதன் செலவு இப்படித்தான் ஏழையின் சுருக்குப்பைக்கு மாறுகிறது.

செலவே இல்லாமல் ஆணையம் வைக்கவும் சட்டம் வழி விட்டிருக்கிறது. 18ஆவது பிரிவின்படி, ஏற்கெனவே உள்ள வேறொரு ஆணையத்தையோ அமைப்பையோ உணவு ஆணையமாக அறிவித்துவிடலாம். 19ஆவது பிரிவின்படி இரண்டு மூன்று மாநிலங்கள் சேர்ந்து ஒரே ஆணையம் வைத்துக்கொள்ளலாம். மாவட்ட அளவிலும் ஏற்கெனவே கழுத்து வரை வேலையுள்ள அதிகாரிக்கே கூடுதல் பொறுப்பாகக் குறைதீர் அலுவலர் பதவியைக் கொடுத்துவிட முடியும். காகிதத்தில் செலவு சுழியம். ஆனால் ஒரு நாளைக்கு இருக்கும் மணிநேரம் கூடுவதில்லையே! அவர் இந்தப் புகாரைப் பார்க்கும் நேரம் இன்னொரு கோப்பிலிருந்து எடுத்த நேரம். இல்லாவிட்டால் இந்தப் புகார்தான் பார்க்கப்படாமல் கிடக்கும். மிகச் சிறிய மாநிலங்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தலாம். கோடிக்கணக்கில் குடும்ப அட்டைகள் உள்ள மாநிலத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

சட்டம் வந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் பல மாநிலங்கள் இதில் அக்கறை காட்டவில்லை. ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு வறட்சி பற்றித் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இலும் மறுபடி 2017இலும் ஆணையங்களை அமைக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆணையம் அமைந்த பிறகும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது, எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான். தலைவரும் உறுப்பினர்களும் ஐந்து ஆண்டுகளோ 65 வயது வரையோதான் பதவியில் இருக்க முடியும். இடம் காலியானதும் அடுத்தவரை நியமிக்காமல் விட்டால் என்ன ஆகும்? நம் உத்தேசக் கணக்கில், தலைவர், உறுப்பினர்கள் ஆறு பேரின் சம்பளம் மாதம் 11.25 லட்சம், ஆண்டுக்கு 1.35 கோடி மிச்சமாகும். வாடகை ஓடும், ஊழியர்கள் சம்பளம் ஓடும், வண்டி நிற்கும், ஓட்டுநர் இருப்பார். ஏறக்குறைய மூன்றரைக் கோடி செலவாகிக்கொண்டே இருக்கும், மேல்முறையீட்டை விசாரிக்க மட்டும் ஆள் இருக்காது.

ஆகவே உங்கள் மாநில ஆணையத்தின் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, உணவுத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது துறையின் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் ஆவணம். ஆணையத்துக்கு ஒதுக்கிய தொகை அதில் இருக்கும். இன்னொன்று, சட்டப்படி சட்டமன்றத்தில் வைக்க வேண்டிய ஆணையத்தின் ஆண்டறிக்கை. எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, தானாக முன்வந்து எடுத்த விசாரணைகள் எத்தனை என்று அதில் தேடுங்கள். ஒதுக்கிய தொகையைத் தீர்ந்த புகார்களின் எண்ணிக்கையால் வகுத்தால், தீர்ந்த ஒரு புகாருக்கு எவ்வளவு ஆனது என்று வரும்.