சபராளியின் களைப்பு

கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெயர் 'சபர்'. போனவர் சபராளி. முதல் மாதம் போனில் அவர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "வேல பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா அசதியா வருது." சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று வீட்டில் உம்மா கவலைப்படுவார். அந்த அசதி வயிற்றிலிருந்து வருவதல்ல.

கடைக்காரரை எப்படிக் கூப்பிடுவது, வரிசையில் எவ்வளவு தள்ளி நிற்பது, எதிரே வருபவர் முகம் சுளித்தால் அது கோபமா, வெறும் வெயிலா? சொந்த ஊரில் இதையெல்லாம் நாம் யோசிப்பதே இல்லை. பல ஆண்டுப் பழக்கம் மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்களில் பதிந்து, தானாகவே ஓடுகிறது. புது நாட்டில் அந்தப் பழக்கம் செல்லாது. ஒவ்வொன்றையும் கவனித்து, எடைபோட்டு, முடிவெடுக்க வேண்டும். அந்த வேலை நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் தலையில் விழுகிறது. அதுவோ ஒரு நேரத்தில் ஒருசில விஷயங்களை மட்டுமே தாங்கும். அரபியிலோ இந்தியிலோ தடுமாறிப் பேசவும் வேண்டியிருந்தால், அறைக்குத் திரும்பும்போது ஆள் ஓய்ந்துபோவதில் வியப்பென்ன? எரிச்சலும் தூக்கமின்மையும் பின்னாலேயே வரும். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் இதைப் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்று விளக்கினார். பழகிய சமூகக் குறிப்புகள் தொலைவதால் வரும் பதற்றம் என்றார். முதலில் தேனிலவு போல மகிழ்ச்சி, பிறகு சரிவு, அப்புறம் மீட்சி என்பது அவர் வரைந்த பாதை. ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை ஆராய்ந்து, கொலீன் வார்ட் குழுவினர் 1998இல் வெளியிட்ட முடிவு வேறு: தொடக்கத்தில்தான் துன்பம் அதிகம். கடன் வாங்கி விசா எடுத்தவருக்குத் தேனிலவு ஏது? வார்ட் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மொழி ஒன்றாக இருந்தால் எல்லாம் சுலபம் என்று நினைப்போம். 1983இலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து தங்கிய மண்டபம் முகாமை நினைத்துப் பாருங்கள். "ஆறுதலாக் கதைப்பம்" என்று அவர்கள் சொன்னால், 'நிதானமாகப் பேசுவோம்' என்று பொருள். நம் காதில் அது துக்க வீட்டுப் பேச்சுபோல விழும். வேற்று மொழி என்றால் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருப்போம். நம் மொழிதானே என்று நம்பியிருக்கும்போது தவறினால் இன்னும் சுருக்கென்று தைக்கும். அதோடு, விரும்பி வந்த பயணமும் அல்ல அது. இழந்த வீட்டின் துயரமும் கூடவே வந்தது.

தன் பண்பாட்டையும் விடாமல், வந்த ஊரோடும் உறவாடுபவர்களே பொதுவாக நன்றாகத் தேறுகிறார்கள் என்கிறார் உளவியலாளர் ஜான் பெரி. ஊர் இடம் கொடுத்தால்தான் அது நடக்கும் என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார்.

திரும்பி வருவதிலும் அதிர்ச்சி உண்டு. வெளிநாடு சென்று மீண்ட அமெரிக்கக் கல்வியாளர்களை வைத்து ஜான் கல்லஹார்னும் ஜீன் கல்லஹார்னும் 1963இல் எழுதினார்கள்: சொந்த ஊரிலும் இரண்டாவதாக ஒரு சரிவு வருகிறது. சபராளி போனபின் ஊரும் வீடும் புதுப் பழக்கங்களைக் கற்றிருக்கும். மூன்று வருடம் கழித்து வந்த வாப்பா, மகனிடம் "கடைக்குப் போவோமா?" என்று கேட்கிறார். பையன் பதில் சொல்லுமுன் உம்மாவின் முகத்தைப் பார்க்கிறான்.