கேஸ் குழாயில் கட்டிய எர்த் ஒயர்

போன சித்திரையில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். “தம்பி, கேஸ் வால்வைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குது” என்றார் அந்த அக்கா. வால்வில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

மெயினை அணைத்துவிட்டுத் தேடினேன். அடுப்புக்கும் குளியலறை கேஸ் கீசருக்கும் ஒரே செம்புக் குழாய். மாடியிலிருந்த கரண்ட் கீசரின் பச்சை எர்த் ஒயரை யாரோ அந்தக் குழாயில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வீட்டு எர்த் செத்துப்போயிருந்தது. அதற்குக் கண்ட குறுக்குவழி இது.

குழாய் சுவரில் கிளிப் போட்டு நிற்கிறது, மண்ணுக்குள் போகவில்லை. கீசர் காயிலில் கசிந்த கரண்ட் இறங்க வழியில்லாமல் குழாயிலேயே நின்றது. தொடுகிறவர் உடம்புதான் அதற்கு வழி. குழாய் எங்காவது மண்ணைத் தொட்டிருந்தாலும் ஆபத்து தீராது. தளர்ந்த இணைப்பில் கரண்ட் பாய்ந்தால் பொறி பறக்கும், பக்கத்திலேயே கேஸ். தண்ணீர்க் குழாயில் கட்டலாம் என்பவர்களும் உண்டு. இரும்புக் குழாய் காலத்துப் பேச்சு அது. இப்போது பாதி வீடுகளில் பிவிசி.

கேஸ் குழாயை மெயின் எர்த்தோடு தனி ஒயரால் இணைப்பது வேறு விஷயம். அது செய்ய வேண்டியது. குழாயையே எர்த்தாக நம்புவதுதான் கூடாது.

நம் கரையில் எர்த் ஏன் சாகிறது? கடலோரத்து உப்பு ஈர மண் கரண்டை நன்றாக வாங்கும். ஆனால் அதே உப்பு மண்ணில் இறக்கிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையும் அதில் ஒயரைப் பிடிக்கும் கிளாம்ப்பையும் அரித்துத் தின்றுவிடும். மேட்டு மணலோ கோடையில் காய்ந்து கரண்டையே வாங்காது. அந்த வீட்டில் கிளாம்ப் கையோடு வந்தது. புதுக் குழி தோண்டி, நம்மூர் சீமைக்கருவேலங் கரியும் உப்பும் அடுக்கிப் பைப் இறக்கினேன். எர்த் டெஸ்டரில் மின்தடை 5 ஓமுக்குக் கீழே வந்த பிறகுதான் குழியை மூடினேன். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டிய பல்பு எரிந்தால் எர்த் சரி என்று முடிவு கட்டாதீர்கள், மோசமான எர்த்திலும் பல்பு எரியும். வருஷத்துக்கு ஒரு முறை அளந்து பாருங்கள், கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பேட்டரியில் பற்றும் கேஸ் கீசருக்கு ஷாக் பயம் குறைவு. ஆனால் அடைத்த குளியலறைக்குள் அதை மாட்டாதீர்கள். கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாமலே போகலாம்.

கடைசியாக கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போட்டு மெயினைத் தூக்கினேன். மாடிக் கீசர் ஸ்விட்சைப் போட்டதும் ஆர்சிசிபி படக்கென்று விழுந்தது. காயில் இன்னும் கசிந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் கீசரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.