மூடும்போது விழும் விளையாட்டு

தரமணியில் ஒரு சிறு குழு உருவாக்கிய ஆண்ட்ராய்டு விளையாட்டைச் சில வாரங்கள் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு வாய்த்தது. விளையாடும்போது ஒரு குறையும் தெரியாது. வெளியேறும் பொத்தானை அழுத்தினால் மட்டும், பத்தில் ஒருமுறையோ இருமுறையோ, செயலி கிராஷ் ஆகும். "மூடத்தானே போகிறோம், விழுந்தால் விழட்டும்" என்றார் குழுவில் ஒருவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏனென்றால், வேளச்சேரி பறக்கும் ரயிலில் விளையாடிக்கொண்டிருந்தபோது அழைப்பு ஒன்று வந்து, பேசி முடித்துவிட்டுத் திரும்பினால், திரையில் இருந்த தங்க நாணயம் கறுப்புச் சதுரமாகியிருந்தது.

நாணயத்தின் படத்தைக் கிராபிக்ஸ் மொழியில் டெக்ஸ்சர் என்பார்கள். 2048க்கு 2048 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரே டெக்ஸ்சர் 16 எம்பி பிடிக்கும். ஆனால் ஆண்ட்ராய்டில் படம் வரையப் பயன்படும் ஓபன்ஜிஎல் ஈஎஸ் முறையில் நிரலின் கையில் இருப்பது அந்தப் படம் அன்று, கிராபிக்ஸ் சில்லை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் கொடுத்த ஓர் எண் மட்டுமே. ரயில் நிலைய வண்டி நிறுத்தத்தில் தரும் டோக்கனைப் போன்றது அது. அந்த எண்கள் செல்லுபடியாகும் இடத்துக்குக் காண்டெக்ஸ்ட் என்று பெயர். செயலி பின்னணிக்குப் போகும்போது அது அழிக்கப்படலாம், அழிந்தால் அதிலிருந்த படங்களும் கூடவே போய்விடும். திரும்பி வந்ததும் புதிய காண்டெக்ஸ்டில் எண்கள் பெரும்பாலும் மறுபடி 1, 2, 3 என்றே தொடங்கும். நேற்றைய 3ஆம் டோக்கனை வைத்திருக்கும் பழைய பொருள் (நிரலுக்குள் தரவைச் சுமக்கும் ஓர் அலகு) ஒன்று தாமதமாக விழித்து "3ஐ நீக்கு" என்று சொன்னால், இன்றைய 3 எதுவோ அது நீங்கிவிடும். டிரைவர் பிழை எதுவும் காட்டாது. டெக்ஸ்சர் இல்லாத இடத்தை அது கறுப்பாக வரைந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். காண்டெக்ஸ்ட் போனதும் பழைய எண்களை நீக்க முயலாமல் மறந்துவிடுவதே இதற்கு மருந்து.

கிராஷுக்குக் காரணம் வேறு. ஆனால் தவறான நேரத்தில் நீக்குவதால் வருவதால், இரண்டும் ஒரே குடும்பம்தான். ஒரே செயலிக்குள் ஒரே சமயத்தில் தனித்தனியாக ஓடும் வேலைத் தொடரைத் திரெட் என்பார்கள். பொத்தான் அழுத்துவதைக் கவனிப்பது முதன்மைத் திரெட்; படம் வரைவது தனித் திரெட். வெளியேறு என்றதும் முதன்மைத் திரெட், வரைவதற்காகச் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய பொருளை அப்போதே நினைவகத்திலிருந்து விடுவித்துவிட்டது. நொடிக்கு 60 சட்டங்கள் (ஃப்ரேம், அதாவது திரை முழுவதும் ஒருமுறை வரையப்படுவது) என்றால் ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. அந்த நேரத்தில் வரையும் திரெட் சும்மா இருந்தால் தப்பித்தோம், பாதிச் சட்டத்தில் இருந்தால் காலியான நினைவகத்தில் கை வைத்துச் சிக்னல் 11 (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதற்கு இயங்குதளம் அனுப்பும் ஆணை) வாங்கிச் செத்துவிடும். ஆகவேதான் இது சில சமயம் மட்டும் வந்தது. ஆண்ட்ராய்டில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் லாக்கேட் பதிவில் விழுந்த திரெட்டின் பெயர் முதன்மைத் திரெட்டாக இல்லாமல் வரையும் திரெட்டாக இருந்ததைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

எப்போதாவது வரும் பிழையை எப்போதும் வரவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வரையும் நிரலின் நடுவே 200 மில்லி நொடி உறக்கம் ஒன்றைச் செருகினோம். அதன்பின் அழுத்தியபோதெல்லாம் விழுந்தது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியை இயக்கியதும், நினைவகம் எந்த வரியில் விடுவிக்கப்பட்டது, பிறகு எந்த வரியில் தொடப்பட்டது என்ற இரண்டையும் அது அடுத்தடுத்துக் காட்டியது.

திருத்தம் வரிசையில்தான் இருந்தது. வரையும் திரெட்டுக்கு நிறுத்தச் சொல்லி அனுப்பவேண்டும். அது கையிலுள்ள சட்டத்தை முடித்து, டெக்ஸ்சர்களைத் தானே நீக்கி, காண்டெக்ஸ்டைக் கைவிட்டு, முடிந்தது என்று பதில் சொல்லும்வரை முதன்மைத் திரெட் காத்திருக்கவேண்டும். அதன் பிறகே பொருளை விடுவிக்கவேண்டும். 2016இல் வந்த வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையில் இந்தக் காத்திருப்பு இன்னும் கண்டிப்பானது: ஜிபியூ (கிராபிக்ஸ் சில்லு) பயன்படுத்தி முடிக்கும் முன் எதையும் அழிக்கக்கூடாது, முடிந்ததா என்று ஃபென்ஸ் என்ற அடையாளத்தை வைத்துப் பார்ப்பதும் நிரல் எழுதுபவரின் பொறுப்பே. நாங்கள் அந்த 200 மில்லி நொடி உறக்கத்தை எடுக்காமலே புதிய வரிசையைச் சோதித்தோம். வெளியேறும்போது ஒரு கணம் தாமதமானது, செயலி விழவில்லை.